அர்ஜென்டினா செனட்டின் இறைச்சி வணிக விவாதம் (1935): லிசாண்ட்ரோ டி லா டோரேயின் பங்கு

லிசாண்ட்ரோ டி லா டோரே (6 டிசம்பர் 1868 – 5 ஜனவரி 1939) அர்ஜென்டினாவைச் சேர்ந்த வழக்கறிஞர், கால்நடைப் பண்ணையாளர், அரசியல்வாதி ஆவார். முற்போக்கு சனநாயகக் கட்சியின் தலைவரான இவர், 1932 முதல் 1937 வரை சாண்டா ஃபே மாகாணத்தின் சார்பில் செனட் உறுப்பினராக இருந்தார். உலகப் பெருமந்தக் காலத்தில் அர்ஜென்டினாவின் இறைச்சி ஏற்றுமதி எவ்வாறு நடக்கிறது, அதில் யார் ஆதாயம் அடைகிறார்கள் என்ற கேள்வியைச் செனட்டில் எழுப்பியவர் இவரே. அதற்கென அமைந்த விசாரணைக் குழுவில் உறுப்பினராக இருந்து தனி அறிக்கை அளித்தார். அந்த அறிக்கை மீது 1935 ஜூன், ஜூலை மாதங்களில் நடந்த விவாதம் அர்ஜென்டினா நாடாளுமன்ற வரலாற்றில் மிகவும் அறியப்பட்ட விவாதங்களுள் ஒன்று. 1935 ஜூலை 23 அன்று அவைக்குள்ளேயே இவரது சீடரும் சாண்டா ஃபேயின் தேர்வுபெற்ற செனட் உறுப்பினருமான என்சோ போர்தாபெஹேரே சுட்டுக் கொல்லப்பட்டதோடு அவ்விவாதம் முறிந்தது.

## பின்னணி: பொருளாதார நெருக்கடி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அர்ஜென்டினா வளமான நாடுகளுள் ஒன்றாகக் கருதப்பட்டது. அந்த வளம் கோதுமை, மக்காச்சோளம், ஆளிவிதை, கம்பளி, மாட்டிறைச்சி ஆகிய சில பொருட்களின் ஏற்றுமதியைச் சார்ந்திருந்தது. தொடர்வண்டிப் பாதைகளில் பெரும்பகுதி பிரித்தானிய நிறுவனங்களின் கையில் இருந்தது. நிலக்கரியும் பிரித்தானியாவிலிருந்தே வந்தது. இறைச்சியின் முதன்மைச் சந்தையும் அதுவே.

1929இல் தொடங்கிய உலகப் பெருமந்தம் இந்த அமைப்பை நிலைகுலையச் செய்தது. விளைபொருட்களின் விலை சரிந்தது. 1929 டிசம்பரில் பேசோ நாணயத்தைத் தங்கமாக மாற்றிக்கொள்ளும் வசதியை அரசு நிறுத்தியது. 1930 செப்டம்பர் 6 அன்று தளபதி ஹோசே பெலிக்ஸ் உரிபுரு தலைமையில் நடந்த இராணுவப் புரட்சி, தேர்தலில் வென்று ஆட்சியில் இருந்த இப்போலித்தோ இரிகோயனைப் பதவியிலிருந்து அகற்றியது. 1931 அக்டோபரில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு கொண்டுவரப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் இரிகோயனின் தீவிரக் குடிமை ஒன்றியத்தின் வேட்பாளர் தடை செய்யப்பட்டார். பல இடங்களில் வாக்கு மோசடியும் நடந்தது. அதில் வென்ற தளபதி அகுஸ்தின் பெத்ரோ ஹுஸ்தோ 1932 பிப்ரவரியில் பதவியேற்றார். இந்தக் காலப்பகுதியை அர்ஜென்டினா வரலாற்றாசிரியர்கள் 'இழிவான பத்தாண்டு' என்று அழைக்கின்றனர்.

தீவிரக் குடிமை ஒன்றியம் 1935 வரை தேர்தல்களைப் புறக்கணித்தது. ஆகவே அக்காலச் செனட்டில் எதிர்க்கட்சி மிகச் சிறிதாகவே இருந்தது. முப்பது இடங்கள் கொண்ட அவையில் முற்போக்கு சனநாயகக் கட்சியினரும், தலைநகரின் சார்பில் வந்த சோசலிசக் கட்சியினரும் மட்டுமே அரசை எதிர்த்துப் பேசும் நிலையில் இருந்தனர்.

## இறைச்சி வணிகம் இயங்கிய விதம்

விவாதத்தைப் புரிந்துகொள்ள இறைச்சி வணிகத்தின் அமைப்பை அறிவது தேவை. ஏற்றுமதி இறைச்சி இரு வகைப்படும். ஒன்று உறைய வைத்த இறைச்சி. இது நெடுநாள் தாங்கும், சுவையும் விலையும் குறைவு. மற்றொன்று குளிர்வித்த இறைச்சி. உறைநிலையை ஒட்டிய வெப்பநிலையில் வைத்து அனுப்பப்படும் இது சில வாரங்களே தாங்கும், ஆனால் கூடுதல் விலை பெறும். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தொலைவின் காரணமாக அன்று பெரும்பாலும் உறைய வைத்த இறைச்சியையே அனுப்பின. குளிர்வித்த இறைச்சியில் அர்ஜென்டினா முன்னணியில் இருந்தது. அது ஏற்றுமதி செய்த குளிர்வித்த மாட்டிறைச்சி கிட்டத்தட்ட முழுவதும் பிரித்தானியாவுக்கே சென்றது.

மாடு வளர்ப்பவர்களும் இரு பிரிவினர். முதற்பிரிவினர் கன்று ஈனச்செய்து வளர்ப்போர். கோர்ரியென்டெஸ், என்ட்ரே ரியோஸ் போன்ற மாகாணங்களிலும் புவெனஸ் ஐரிஸ் மாகாணத்தின் மேய்ச்சல் குறைந்த பகுதிகளிலும் இவர்கள் மிகுதி. இரண்டாம் பிரிவினர் அந்த மாடுகளை வாங்கி, வளமான புல்வெளிகளில் சில மாதங்கள் மேய்த்துக் கொழுக்க வைப்போர். இறைச்சி ஆலைகளுடன் நேரடித் தொடர்பு இந்த இரண்டாம் பிரிவினருக்கே இருந்தது. ஆலை கொடுக்கும் விலை குறைந்தால், கொழுக்க வைப்போர் கன்று வளர்ப்போருக்குத் தரும் விலையைக் குறைத்துத் தம் ஆதாயத்தைக் காத்துக்கொள்ள முடியும். கன்று வளர்ப்போருக்கு அவ்வாறு சுமையை இறக்கி வைக்க அடுத்த ஆள் கிடையாது.

சங்கிலியின் மறுமுனையில் இருந்தவை 'பிரிகோரிபிக்கோ' எனப்படும் குளிர்பதன இறைச்சி ஆலைகள். ஸ்விப்ட், ஆர்மர், வில்சன் ஆகியவை அமெரிக்க நிறுவனங்கள். ஆங்கிலோ, ஸ்மித்ஃபீல்ட் ஆகியவை பிரித்தானிய நிறுவனங்கள். இவை கப்பல்களின் குளிர்பதன இடத்தைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. அவ்வப்போது பங்கீட்டில் சண்டை மூளும். 1925 முதல் 1927 வரை நடந்த அத்தகைய போட்டி 'இறைச்சிப் போர்' எனப்பட்டது. அது நடந்த நாட்களில் மாட்டுக்கு நல்ல விலை கிடைத்தது. நிறுவனங்கள் மீண்டும் உடன்பட்டதும் அந்த நிலை மறைந்தது. கப்பலில் இடம் இல்லாதவர் எவ்வளவு நல்ல மாடு வைத்திருந்தாலும் ஏற்றுமதி செய்ய இயலாது என்பதே இவ்வணிகத்தின் அடிப்படை விதியாக இருந்தது.

## செனட்டுக்கு முன் டி லா டோரே

டி லா டோரே ரொசாரியோ நகரில் பிறந்தார். சட்டம் பயின்று, உள்ளாட்சி அமைப்பு பற்றி ஆய்வேடு எழுதினார். 1890இல் புவெனஸ் ஐரிஸில் நடந்த 'பூங்காப் புரட்சி'யில் பங்கேற்றார். தொடக்கத்தில் தீவிரக் குடிமை ஒன்றியத்தில் இருந்த அவர், 1897இல் இரிகோயனுடன் ஏற்பட்ட பிளவினால் விலகினார். அந்தப் பிளவு இருவரும் வாள் கொண்டு மோதிய ஒற்றைச் சண்டையில் முடிந்தது. முகத்தில் பட்ட வடுவை மறைக்கவே அவர் தாடி வளர்த்தார் என்பர். பிற்காலப் படங்களில் காணப்படும் அவரது வெண்தாடியின் கதை இதுவே.

1908இல் ரொசாரியோவில் 'தெற்குக் கழகம்' என்ற அமைப்பை உருவாக்கினார். உள்ளாட்சிகளுக்குத் தன்னாட்சி வேண்டும் என்பது அதன் முக்கியக் கோரிக்கை. 1914இல் முற்போக்கு சனநாயகக் கட்சி தோன்றியது. 1916இலும் 1931இலும் குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்டுத் தோற்றார். இரண்டாம் முறை சோசலிசக் கட்சியின் நிக்கோலாஸ் ரெப்பெத்தோ துணைத் தலைவர் வேட்பாளராக அவருடன் நின்றார். புரட்சித் தலைவர் உரிபுரு அவரது நெடுநாள் நண்பர். இராணுவ அரசின் ஆதரவோடு குடியரசுத் தலைவராகும் வாய்ப்பு அவருக்குக் காட்டப்பட்டது. அதை ஏற்க மறுத்து, எதிரணியின் வேட்பாளராகவே நின்றார்.

அரசியலுக்கு அப்பால், கோர்தோபா மாகாணத்தின் பினாஸ் என்ற இடத்தில் அவருக்கு ஒரு மாட்டுப் பண்ணை இருந்தது. வறண்ட நிலத்தில் மாடு வளர்த்துக் கடன்பட்ட அனுபவம் அவருக்கு நேரடியாக உண்டு. மாட்டு விலை பற்றிச் செனட்டில் அவர் பேசியபோது அந்த அனுபவம் துணைநின்றது.

## ரோக்கா–ரன்சிமன் உடன்படிக்கை

1932இல் கனடாவின் ஒட்டாவா நகரில் கூடிய பிரித்தானியப் பேரரசு மாநாடு, பேரரசுக்கு உட்பட்ட நாடுகளின் பொருட்களுக்கு முன்னுரிமை அளிக்க முடிவு செய்தது. அர்ஜென்டினா இறைச்சியின் இடத்தை ஆஸ்திரேலியா முதலியவை பிடித்துவிடும் என்ற அச்சம் புவெனஸ் ஐரிஸில் எழுந்தது. துணைக் குடியரசுத் தலைவர் ஹூலியோ ரோக்கா தலைமையில் ஒரு குழு இலண்டன் சென்றது. 1933 மே 1 அன்று பிரித்தானிய வணிக வாரியத் தலைவர் வால்டர் ரன்சிமனுடன் உடன்படிக்கை கையெழுத்தானது.

அதன் முதன்மைக் கூறுகள்:

- குளிர்வித்த மாட்டிறைச்சி இறக்குமதியை, 1931 ஜூலை முதல் 1932 ஜூன் வரையிலான ஆண்டின் அளவுக்குக் கீழே பொதுவாகக் குறைப்பதில்லை என்று பிரித்தானியா ஒப்புக்கொண்டது.
- ஏற்றுமதிப் பங்கில் 85 விழுக்காடு அயல்நாட்டு ஆலைகளிடம் இருந்தது. தனியார் ஆதாயத்தை நோக்கமாகக் கொள்ளாத அர்ஜென்டினா அமைப்புகளுக்கு 15 விழுக்காடு வரை ஒதுக்கலாம்.
- நிலக்கரி உள்ளிட்ட சில பிரித்தானியப் பொருட்களுக்கு இறக்குமதி வரி விதிப்பதில்லை என்று அர்ஜென்டினா உறுதி கூறியது.
- பிரித்தானியாவுக்கு விற்றுக் கிடைக்கும் செலாவணியைப் பிரித்தானியாவுக்குச் செலுத்த வேண்டியவற்றுக்கே முதலில் பயன்படுத்த வேண்டும்.
- அர்ஜென்டினாவில் இயங்கும் பிரித்தானிய நிறுவனங்கள் நல்லெண்ணத்துடன் நடத்தப்படும்.

உடன்படிக்கை ஒப்புதலுக்காக நாடாளுமன்றத்துக்கு வந்தபோது டி லா டோரே அதை எதிர்த்தார். பிரித்தானியாவுடன் வணிகம் செய்வதை அவர் எதிர்க்கவில்லை. தன் நாட்டில் விளைந்த பொருளின் ஏற்றுமதிப் பங்கைத் தானே பிரித்துக்கொடுக்கும் உரிமை அர்ஜென்டினாவுக்கு இல்லாமல் போனதே அவரது குறை. பேரரசுக்கு உட்பட்ட நாடுகள்கூடத் தம் பங்கைத் தாமே நிருவகிக்கின்றன, தன்னாட்சி பெற்ற குடியரசான அர்ஜென்டினாவுக்கோ அது மறுக்கப்படுகிறது என்று அவர் ஒப்பிட்டுக் காட்டினார். 85 விழுக்காட்டைத் தம் கையில் வைத்திருப்பவரே மாட்டின் விலையையும் தீர்மானிப்பார் என்பது அவரது முடிவு. அவரது எதிர்ப்பையும் மீறி உடன்படிக்கை ஒப்புதல் பெற்றது.

## விசாரணைக் குழு

1933 அக்டோபரில் தேசிய இறைச்சி வாரியம் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்டது. ஆலைகளின் கணக்குகளைப் பார்த்து, மாடு வளர்ப்போருக்கு உரிய விலை கிடைக்கிறதா என்று கண்காணிப்பது அதன் கடமைகளுள் ஒன்று. ஆனால் ஆலைகள் கணக்கைக் காட்ட முன்வரவில்லை. இலண்டனில் இறைச்சி விற்ற விலைக்கும் அர்ஜென்டினாவில் மாட்டுக்குக் கொடுத்த விலைக்கும் உள்ள இடைவெளியில் செலவு எவ்வளவு, ஆதாயம் எவ்வளவு என்பதை அறிய வழியில்லாமல் இருந்தது.

1934 செப்டம்பரில் இறைச்சி ஏற்றுமதி வணிகம் பற்றி விசாரிக்கச் செனட் குழு ஒன்றை அமைக்க வேண்டும் என்று டி லா டோரே முன்மொழிந்தார். செனட் அதை ஏற்றது. லவுரேயானோ லந்தாபுரு, கார்லோஸ் செர்ரே, டி லா டோரே ஆகிய மூவர் குழு அமைந்தது. முன்னவர் இருவரும் அரசை ஆதரித்த தரப்பினர்.

குழு ஆலைகளின் கணக்குப் புத்தகங்களைக் கேட்டது. ஆங்கிலோ நிறுவனம் தன் உற்பத்திச் செலவுக் கணக்கைத் தர மறுத்தது. அதன் மேலாளர் செனட்டின் ஆணைப்படி கைது செய்யப்பட்டார். பின்னர் புவெனஸ் ஐரிஸ் துறைமுகத்தில் நின்ற 'நார்மன் ஸ்டார்' என்ற பிரித்தானியக் கப்பலில் குழு சோதனையிட்டது. டப்பா இறைச்சி என்று எழுதப்பட்ட பெட்டிகளுக்குள் அந்த நிறுவனத்தின் கணக்கு ஆவணங்கள் கிடைத்தன. நாட்டின் நாடாளுமன்றம் கேட்ட கணக்கு, இறைச்சி என்ற பெயரில் நாட்டைவிட்டு வெளியேற இருந்தது. இந்தச் செய்தி, அதுவரை மாடு வளர்ப்போரின் குறையாக மட்டும் பார்க்கப்பட்ட ஒன்றை நாடு முழுவதற்குமான பிரச்சினையாக மாற்றியது.

## சிறுபான்மை அறிக்கை

குழு 1935இல் இரண்டு அறிக்கைகளை அளித்தது. லந்தாபுரு, செர்ரே ஆகியோரின் பெரும்பான்மை அறிக்கை ஆலைகளின் ஆதிக்கத்தை மறுக்கவில்லை. ஆனால் அரசின் மீது குற்றம் சுமத்துவதைத் தவிர்த்தது. டி லா டோரேயின் சிறுபான்மை அறிக்கை அரசின் பொறுப்பையும் சேர்த்துக் கேள்விக்குட்படுத்தியது. அதன் முதன்மைக் குற்றச்சாட்டுகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்:

1. விலை: ஆலைகள் தமக்குள் உடன்பட்டு மாட்டுக்குக் குறைந்த விலை கொடுத்தன. நெருக்கடியில் மாடு வளர்ப்போர் நட்டமடைய, ஆலைகள் ஆதாயம் ஈட்டின.
2. கணக்கு: ஆலைகள் கணக்குகளை மறைத்தன. உண்மையான ஆதாயம் தெரியாதபடி செலவுகளை ஏற்றிக் காட்டின.
3. வரி: 1932இல் கொண்டுவரப்பட்ட வருமான வரியை அவை உரிய அளவில் செலுத்தவில்லை. வரி அதிகாரிகள் அதைக் கண்டுகொள்ளவில்லை.
4. செலாவணி: ஏற்றுமதியாளர் ஈட்டும் அந்நியச் செலாவணியை அரசு நிர்ணயித்த விலைக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. இதில் ஆலைகளுக்குச் சலுகை காட்டப்பட்டது.
5. சலுகை விலை: செல்வாக்குள்ள சிலரின் மாடுகளுக்கு ஆலைகள் மற்றவர்களுக்குக் கொடுத்ததைவிட உயர்ந்த விலை கொடுத்தன. அவர்களுள் வேளாண் அமைச்சர் லூயிஸ் டுஹாவும் ஒருவர்.

ஐந்தாவது குற்றச்சாட்டே மிகுந்த கசப்பை விளைவித்தது. முதல் நான்கும் நிறுவனங்களையும் நிருவாகத்தையும் பற்றியவை. ஐந்தாவதோ, ஆலைகளைக் கண்காணிக்க வேண்டிய அமைச்சரே அவற்றிடம் மாடு விற்று ஆதாயம் அடைந்தவர் என்று பெயர் குறிப்பிட்டுச் சொன்னது.

## விவாதம்

1935 ஜூனில் அறிக்கைகள் மீதான விவாதம் தொடங்கியது. டி லா டோரேக்கு அப்போது வயது 66. பல அமர்வுகளில் தொடர்ந்து பேசினார். அவரது உரையின் வலிமை ஆவணங்களில் இருந்தது. மாட்டு விற்பனைச் சீட்டுகள், தர வகைப்பாடு, கப்பல் ஏற்றுமதிக் கணக்கு, வரி விவரம் என ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, அதிலிருந்து முடிவுக்கு வருவது அவரது முறை. ஒரே காலத்தில் ஒத்த தரமுள்ள மாடுகளுக்குத் தரப்பட்ட விலைகளை அருகருகே வைத்து அவர் காட்டினார். பார்வையாளர் மாடம் நாள்தோறும் நிரம்பியது. நாளிதழ்கள் விவாதத்தை விரிவாக வெளியிட்டன.

அரசின் சார்பில் பதில் கூறியவர்கள் டுஹாவும் நிதி அமைச்சர் பெதெரிகோ பினெடோவும் ஆவர். அர்ஜென்டினாவில் அமைச்சர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அல்லர். ஆயினும் அவைகள் அழைக்கும்போது நேரில் வந்து விளக்கம் அளிக்க அரசியலமைப்பு வழிசெய்கிறது. அரசுத் தரப்பின் வாதங்கள் இவை: பிரித்தானியச் சந்தையை இழந்தால் இறைச்சித் தொழிலே அழியும். உடன்படிக்கை அந்த அழிவைத் தடுத்தது. உயர்ந்த தர மாட்டுக்கு உயர்ந்த விலை கிடைப்பது இயல்பே, அதில் சலுகை எதுவும் இல்லை. டி லா டோரே ஆதாயத்தைக் கணக்கிட்ட முறை பிழையானது.

பினெடோ கூர்மையான வாதத் திறன் கொண்டவர். நெருக்கடிக் கால நிதிக் கொள்கையை வகுத்தவரும் அவரே. 1935இல் அர்ஜென்டினாவின் மத்திய வங்கி அமைந்ததில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. எனவே இது அறியாமைக்கும் அறிவுக்கும் இடையே நடந்த சண்டை அன்று. நெருக்கடியில் நாட்டைக் காக்க எதை விட்டுக்கொடுக்கலாம், அதன் சுமை யார் தலையில் விழலாம் என்பதில் இரு தரப்புகளுக்கும் இருந்த அடிப்படை வேறுபாடே விவாதத்தின் உள்ளீடு. நாட்கள் செல்லச் செல்ல எண்கள் பின்தள்ளப்பட்டு, தனிப்பட்ட இகழ்ச்சிச் சொற்கள் இரு பக்கமும் பெருகின.

## 1935 ஜூலை 23

அன்றைய அமர்வில் வாய்ச்சண்டை முற்றியது. டி லா டோரே தன் இருக்கையை விட்டு எழுந்து அமைச்சர்கள் அமர்ந்திருந்த பக்கம் சென்றார். டுஹா அவரைத் தள்ளினார். டி லா டோரே தரையில் விழுந்தார். அவருக்கு உதவ ஓடிவந்தவர்களுள் என்சோ போர்தாபெஹேரேயும் ஒருவர். சாண்டா ஃபே சட்டமன்றம் அவரைச் செனட்டுக்குத் தேர்ந்தெடுத்திருந்தது. ஆனால் அவர் இன்னும் உறுப்பினராக முறைப்படி பதவியேற்றிருக்கவில்லை. அந்தக் குழப்பத்தில் அவைக்குள் நுழைந்திருந்த ஒருவர் துப்பாக்கியால் சுட்டார். குண்டுகள் போர்தாபெஹேரேயின் உடலில் பாய்ந்தன. மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்ட அவர் இறந்தார். டுஹாவும் கீழவை உறுப்பினர் ஒருவரும் காயமுற்றனர்.

சுட்டவர் ரமோன் வால்தேஸ் கோரா என்ற முன்னாள் காவல் அதிகாரி. ஆளும் தரப்பின் பழமைவாதக் கட்சியோடு தொடர்புடையவர். அவர் கைது செய்யப்பட்டு 20 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். குண்டின் இலக்கு டி லா டோரேதான் என்று அவரது ஆதரவாளர்கள் நம்பினர். உறுப்பினர் அல்லாத ஒருவர் ஆயுதத்துடன் அவைக்குள் எப்படி வந்தார், அவரை அனுப்பியவர் யார் என்ற கேள்விகள் பரவலாக எழுந்தன. கொலைக்குத் தூண்டியதாக வேறு எவரும் தண்டிக்கப்படவில்லை.

இரண்டு நாட்களுக்குப் பின், ஜூலை 25 அன்று, பினெடோவின் அறைகூவலை ஏற்று டி லா டோரே அவருடன் கைத்துப்பாக்கி ஒற்றைச் சண்டையில் ஈடுபட்டார். டி லா டோரே வானை நோக்கிச் சுட்டார். பினெடோவின் குண்டு அவர்மேல் படவில்லை. இருவரும் சமாதானமாகாமலே பிரிந்தனர்.

## பின்விளைவுகள்

கொலைக்குப் பிறகு விவாதம் பழைய வலிமையுடன் தொடரவில்லை. டி லா டோரே கேட்ட முடிவும் கிட்டவில்லை. 1935 அக்டோபரில் மைய அரசு சாண்டா ஃபே மாகாண அரசைக் கலைத்து நேரடி நிருவாகத்தின் கீழ் கொண்டுவந்தது. லூசியானோ மோலினாஸ் தலைமையில் அங்கு ஆட்சி நடத்திய முற்போக்கு சனநாயகக் கட்சி தன் ஒரே கோட்டையை இழந்தது. 1936 டிசம்பரில் பிரித்தானியாவுடனான உடன்படிக்கை புதுப்பிக்கப்பட்டபோது, அர்ஜென்டினா இறைச்சி மீது பிரித்தானியா வரி விதிக்கவும் இடம் தரப்பட்டது.

இருப்பினும் அவரது முயற்சி முழுவதும் வீணாகவில்லை. ஆலைகளின் கணக்குகள் முதன்முறையாகப் பொதுப் பதிவில் இடம்பெற்றன. அர்ஜென்டினாவின் மாடு வளர்ப்போர் அமைப்பு ஏற்றுமதியில் பங்குபெறும் உரிமைக்கு அரசியல் ஆதரவு கூடியது. அயல்நாட்டு முதலீட்டின் பிடி பற்றிய பேச்சு, சிறு வட்டங்களிலிருந்து பொதுமக்களிடம் சென்றது.

டி லா டோரே மேலும் ஓராண்டுக்கு மேல் செனட்டில் இருந்தார். 1936 டிசம்பரில், பொதுவுடைமையை ஒடுக்குவதற்கெனக் கொண்டுவரப்பட்ட சட்ட வரைவை எதிர்த்துப் பேசினார். அவர் பொதுவுடைமையர் அல்லர். ஆனால் 'பொதுவுடைமை' என்ற சொல்லுக்குத் தெளிவான வரையறை இல்லாத சட்டம், அரசுக்குப் பிடிக்காத எவரையும் தண்டிக்கப் பயன்படும் என்பது அவரது வாதம். அதுவே செனட்டில் அவரது கடைசிப் பெரிய உரை. 1937 ஜனவரியில் பதவி விலகினார். பின்னர் சில சொற்பொழிவுகள் ஆற்றினார். சமூகப் பிரச்சினையில் திருச்சபையின் நிலைப்பாடு பற்றிக் கத்தோலிக்க எழுத்தாளரான குஸ்தாவோ பிரான்செஸ்கியுடன் எழுத்துப் போர் நடத்தினார். கடனும் தனிமையும் சூழ்ந்த நிலையில், 1939 ஜனவரி 5 அன்று புவெனஸ் ஐரிஸில் உள்ள தன் வீட்டில் உயிரை மாய்த்துக்கொண்டார். தன் உடலை எரித்துச் சாம்பலைக் காற்றில் தூவிவிடும்படி நண்பர்களுக்குக் கடிதம் எழுதி வைத்திருந்தார்.

## மதிப்பீடு

டி லா டோரேயின் பங்களிப்பைப் பற்றி ஒன்றுக்கு மேற்பட்ட கருத்துகள் உள்ளன.

தேசியவாத எழுத்தாளர்கள் அவரைப் பிரித்தானிய ஆதிக்கத்தை எதிர்த்த முன்னோடியாகக் காண்கின்றனர். ரோடோல்போ, ஹூலியோ இராசுஸ்தா சகோதரர்கள் 1934இல் வெளியிட்ட அர்ஜென்டினாவும் பிரித்தானியப் பேரரசியமும் பற்றிய நூலும், 1935 ஜூனில் தோன்றிய 'ஃபோர்ஹா' இயக்கமும் அதே காலத்தில் அதே கேள்வியை வேறு திசைகளிலிருந்து எழுப்பின. ஆனால் டி லா டோரே அவர்களைப் போன்ற தேசியவாதி அல்லர். நாடாளுமன்றம், சுதந்திர வணிகம், சமயச் சார்பின்மை ஆகியவற்றில் பற்றுக்கொண்ட பழைய தாராளவாதி.

வரலாற்றாசிரியர் பீட்டர் ஸ்மித் அர்ஜென்டினா மாட்டிறைச்சி அரசியலைப் பற்றி 1969இல் எழுதிய நூலில், இம்மோதலை வேறு கோணத்தில் காண்கிறார். மாடு வளர்ப்போரின் உள்ளேயே கன்று வளர்ப்போருக்கும் கொழுக்க வைப்போருக்கும் இடையே இருந்த நலமோதலே இதன் அடிப்படை என்பது அவரது ஆய்வு தரும் விளக்கம். இந்தப் பார்வையில், டி லா டோரே நாடு முழுவதன் பெயரால் பேசியபோதும், அவரது வாதம் முதன்மையாகக் கன்று வளர்ப்போரின் குரலாகும். ஆலைகளில் குறைந்த கூலிக்குக் குளிரில் வேலை செய்த தொழிலாளர்கள் அந்த விவாதத்தின் மையத்தில் இல்லை என்பதையும் கருத வேண்டும்.

உடன்படிக்கையைப் பற்றியும் இரு கருத்துகள் உண்டு. விற்பதற்கு வேறு சந்தை இல்லாத நாடு அதைவிடச் சிறந்த உடன்பாட்டைப் பெற்றிருக்க முடியாது என்பர் சிலர். தன் சந்தையை நம்பியிருந்த பிரித்தானியத் தொழில்களையும் முதலீட்டையும் காட்டி அர்ஜென்டினா கூடுதலாகப் பேரம் பேசியிருக்கலாம் என்பர் வேறு சிலர். எந்தக் கருத்தை ஏற்றாலும், டி லா டோரே எழுப்பிய அடிப்படைக் கேள்வி நிற்கிறது. நெருக்கடியைக் காரணம் காட்டி அரசு செய்யும் உடன்பாட்டின் கணக்கைப் பார்க்கும் உரிமை மக்கள் பிரதிநிதிகளுக்கு உண்டா என்பதே அக்கேள்வி. அவையில் பெரும்பான்மை இல்லாத ஒருவர், விசாரணைக் குழு, சிறுபான்மை அறிக்கை, அமைச்சர்களை அழைத்துக் கேள்வி கேட்டல் ஆகிய மூன்று நாடாளுமன்றக் கருவிகளை மட்டும் கொண்டு அந்தக் கணக்கை வெளியே கொண்டுவந்தார். எதிர்க்கட்சியின் பணி வாக்கெடுப்பில் வெல்வது மட்டும் அன்று, பதிவேட்டில் உண்மையை இடம்பெறச் செய்வதும் ஆகும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

## நினைவு

இவ்விவாதத்தையும் கொலையையும் மையமாகக் கொண்டு ஹுவான் ஹோசே ஹுசித் இயக்கிய திரைப்படம் 1984இல் வெளியானது. இராணுவ ஆட்சி முடிந்து மக்களாட்சி திரும்பியிருந்த காலம் அது. நாடாளுமன்றத்துக்குள் நடந்த ஒரு கொலையின் கதை அப்போது பெரிதும் கவனம் பெற்றது. பெப்பே சொரியானோ அதில் டி லா டோரேயாக நடித்தார்.

புவெனஸ் ஐரிஸின் மாட்டுச் சந்தை அமைந்திருந்த மத்தாதேரோஸ் பகுதியில் ஒரு பெருந்தெருவுக்கு அவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது. அதே பகுதியில் இருந்த அரசு இறைச்சி ஆலையும் அவர் பெயரையே தாங்கியது. 1959 ஜனவரியில் அர்துரோ பிரொந்திசி அரசு அந்த ஆலையைத் தனியாருக்கு விற்க முடிவு செய்தபோது, தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் ஆலைக்குள் அமர்ந்து போராடினர். காவல்துறையும் பீரங்கி வண்டிகளும் கொண்டு அவர்கள் வெளியேற்றப்பட்டனர். 1935ஆம் ஆண்டு விவாதத்தின் மையத்தில் இல்லாத ஆலைத் தொழிலாளர்களின் போராட்டம், இன்று அர்ஜென்டினாவில் 'லிசாண்ட்ரோ டி லா டோரே ஆலைப் போராட்டம்' என்று அவரது பெயராலேயே அறியப்படுகிறது.